கணக்கில் வராத ஐம்பது மீட்டர்

மனோனின் அம்மா ஜோசெத்தை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த அம்மாள் பக்கமும் நியாயம் இருக்கிறதே என்று நடுவில் யாராவது ஆரம்பித்தால், இருக்கட்டும், நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

நான் மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சின்ன வயதில் கொஞ்சம் நீந்தினேன், பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. ஆசை மட்டும் போகாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் நீச்சல் போட்டிகளுக்குப் போய் ஸ்டாப்வாட்ச் பிடிக்க ஆரம்பித்தேன். புதுச்சேரியில் நீச்சல் போட்டிக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று கேட்காதீர்கள். நீந்துகிற பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள், ஈரத் துண்டுகள், டிபன் பாக்ஸ், அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அந்தக் குளக்கரையில் நான் பார்த்த ஒரே நிஜமான வேகக்காரி மனோன்.

அவளுடைய அப்பா இராயப்பன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சொல்தா வீடு என்றால் தெருவில் ஒரு தனி மரியாதை உண்டு. பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். பிள்ளைகளில் ஒன்றாவது பாரீஸ் பக்கம் இருக்கும். பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி வீட்டுப் பெரியவர் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைக்கு அணிவகுப்புக்குப் போவார். இராயப்பன் மனோனின் ஆறாவது வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ரெட்டியார்பாளையத்தில் மாடி வீடும் விதவைப் பென்ஷனும் ஜோசெத்துக்கு மிஞ்சின. மூத்தவன் அலெக்சி பதினெட்டு முடிந்த கையோடு பிரான்சுக்குப் போய் ஒரு சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வீட்டில் அம்மாவும் பெண்ணும் மட்டும்.

மனோனுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. ராத்திரியில் மூச்சு விசில் அடிக்கும். நீச்சலில் போடுங்கள், நுரையீரல் திறக்கும் என்று டாக்டர் சொன்னதால் ஜோசெத் அவளைக் குளத்துக்குக் கூட்டி வந்தார். அங்கே பயிற்சியாளர் சுப்பிரமணியன். அதிகம் பேசாத மனிதர். ஒரு மாதம் அவளைப் பார்த்துவிட்டு, இவள் தூரம் போகிற ஜாதி இல்லை, ஓடுகிற ஜாதி என்றார். அன்றிலிருந்து அவளுக்கு ஐம்பது மீட்டர் ஃப்ரீஸ்டைல்தான்.

அது எப்படிப்பட்ட போட்டி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குளத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. திரும்பி வரும் வேலை கிடையாது. தலையைத் தூக்கி மூச்சு வாங்கினால் அந்த நொடியிலேயே பக்கத்து லேன்காரி ஒரு கை முன்னால் போய்விடுவாள். அதனால் நல்ல நீச்சல்காரர்கள் மூச்சே வாங்க மாட்டார்கள், அல்லது ஒரே ஒரு முறை வாங்குவார்கள். டைவ் கொஞ்சம் பிசகினாலும் கதை முடிந்தது, கடைசியில் சுவரைத் தொடும்போது விரல் மடங்கினாலும் முடிந்தது. வருஷம் முழுக்க விடியற்காலையில் எழுந்து தண்ணீரில் கிடந்து செத்துச் சுண்ணாம்பாவது அரை நிமிஷத்துக்கும் குறைவான ஒரு காரியத்துக்காக. வீசிங் பெண் அந்த அரை நிமிஷத்தை மூச்சு வாங்காமலேயே தாண்டினாள்.

அவளுக்கு அடுத்து எப்போதும் இரண்டாவதாக வந்தவள் கார்குழலி. உழவர்கரைப் பெண். தாத்தா மில் தொழிலாளி, அப்பா நெடுமாறன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மகளை எப்படியாவது விளையாட்டுக் கோட்டாவில் அரசு வேலைக்குள் தள்ளிவிட வேண்டும் என்பது நெடுமாறனின் வைராக்கியம். இரண்டு பெண்களுக்கும் ஒரே வயது, ஒரே பயிற்சியாளர், பக்கத்துப் பக்கத்து லேன். போட்டிக்குப் போடுகிற இறுக்கமான நீச்சல் உடையை அலெக்சி பிரான்சிலிருந்து அனுப்புவான். ஒரு சீசன் போட்டதும் மனோன் அதைக் கார்குழலிக்குக் கொடுத்துவிடுவாள். மனோன் யோசிக்காமல் கொடுத்தாள். கார்குழலி நிறைய யோசித்து வாங்கிக்கொண்டாள். சுவரைத் தொட்டதும் மற்ற பெண்கள் ஸ்கோர் போர்டைப் பார்ப்பார்கள், கார்குழலி மட்டும் பக்கத்து லேனைப் பார்ப்பாள்.

மனோனுக்கு ஒரே ஒரு ஆசை. இந்திய அணியின் தொப்பி. நீச்சலுக்குப் போடுகிற ரப்பர் தொப்பிதான், ஆனால் அதில் இந்தியா என்று எழுதியிருக்கும். அவளுக்குப் பதினெட்டு நடக்கிற வருஷம், சீனியர் தேசியப் போட்டி. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் இந்தியப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவார்கள். அவள் அப்போது அடித்துக்கொண்டிருந்த வேகத்துக்கு அது வெறும் கனவு இல்லை. அகில இந்தியாவிலும் அவளுக்கு முன்னால் ஒருத்தியோ இரண்டு பேரோதான் இருந்தார்கள், அவர்களையும் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இவள் இருந்தாள்.

அந்த வருஷம் ஜூலையில் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது.

சொல்தா வீடுகளில் பதினெட்டு முடிவது சின்ன விஷயம் இல்லை. பிள்ளை பிறந்ததுமே பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் பெயரைப் பதிந்து வைத்திருப்பார்கள். பதினெட்டு ஆனதும் நல்ல துணி உடுத்தி, குடும்பத்தோடு போய், பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போட வைப்பார்கள். பிறகு மாதா கோயிலில் பூசை, மத்தியானம் விருந்து, நீலம் வெள்ளை சிவப்பில் கிரீம் பூசிய கேக். குழந்தைக்குக் காது குத்துகிற மாதிரி இதுவும் ஒரு சடங்கு. காதைக் குத்திக்கொள்ளச் சம்மதமா என்று குழந்தையிடம் யார் கேட்கிறார்கள்? பெரும்பாலான வீடுகளில் இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை, எப்படியும் பிள்ளைகள் விமானம் ஏறப்போகிறவர்கள்தானே. ஆனால் இன்னொரு நாட்டுப் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிய அன்றைக்கே இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்தியாவுக்காக நீந்த வேண்டும் என்று நினைக்கிற பெண் ஒருத்தி அந்த வீடுகளில் அதுவரை பிறந்ததில்லை. அதனால் யாரும் அதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

மனோனும் யோசிக்கவில்லை. அண்ணன் போட்ட கையெழுத்து, மாமா பிள்ளைகள் போட்ட கையெழுத்து, அவளும் போட்டாள். கேக் வெட்டினாள். போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்கிறாள், நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஜோசெத்துக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மே மாதமே சுப்பிரமணியன் ரெட்டியார்பாளையம் வீட்டுக்கு நேரில் போயிருக்கிறார். மகளுக்கு இப்போது பிரெஞ்சுப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டாம், எடுத்தால் தேசியப் போட்டியில் நீந்த முடியாது, அவள் நீந்தி முடிக்கிற காலம் வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஜோசெத் அவருக்குக் காப்பி கொடுத்து, சரி சார், நீங்க சொன்னா சரிதான், பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கறேன் என்று வாசல் வரை வந்து வழியனுப்பியிருக்கிறார்.

பிறகு ஏன் கூட்டிக்கொண்டு போனார் என்றால், வேறெதற்கு, கல்யாணத்துக்குத்தான். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணுக்கு வரதட்சணை கிடையாது. அவளே வரதட்சணை. அவளைக் கட்டினால் மாப்பிள்ளை பிரான்சுக்குப் போகலாம், பின்னாலேயே அவன் குடும்பத்தில் நாலு பேர் போகலாம். விழுப்புரம் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற ஒரு குடும்பத்துக்கு ஜோசெத் வாக்குக் கொடுத்து வைத்திருந்தார். பையன் பெயர் பிரேம்குமார். நகை முதல் பந்தல் வரை எல்லாம் அவர்கள் செலவு. பாஸ்போர்ட் மட்டும் கைக்கு வந்துவிட வேண்டும். ஒருமுறை பெண்ணைப் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா மனோனின் தோளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தோள் கொஞ்சம் ஆம்பளைத்தனமாக இருக்கிறது, பரவாயில்லை, அங்கே குளிருக்குக் கோட்டு போட்டால் தெரியாது என்று சொன்னாளாம். ஜோசெத் சேர்ந்து சிரித்தாராம்.

ஆகஸ்டில் தேசியப் போட்டிக்குப் பெயர் அனுப்பும் நேரம் வந்தது. ஏதாவது அடையாளம் வேண்டும் என்று சுப்பிரமணியன் கேட்டார். மனோன் பையிலிருந்து புத்தம் புதிய சிவப்புப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். நான் அப்போது அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

சுப்பிரமணியன் அதைக் கையில் வாங்கவில்லை.

"இத எப்பம்மா எடுத்த?"

"போன மாசம் சார். மமான்தான் கூட்டிட்டுப் போச்சு." அம்மாவை அவள் மமான் என்றுதான் கூப்பிடுவாள்.

"உங்கம்மாகிட்ட நான் வூட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போனேனே, எடுக்காதீங்கன்னு."

மனோன் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். இரண்டு பேரில் ஒருவர் சிரித்துவிடுவோம் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. யாரும் சிரிக்காததால் பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் நடந்ததை அவளே பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னாள். ஜோசெத் சமையலறையில் இறால் உரித்துக்கொண்டிருந்தாராம். தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். தலையைத் தூக்காமலே பதில் வந்திருக்கிறது.

"தெரியும். சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்ட. அதான் சொல்லல. தண்ணியில அரை நிமிஷம் ஓடறதுக்கு எவன்டீ உனக்குச் சோறு போடுவான்? ஞாயித்துக்கிழம பிரேம்குமார் வூட்லேர்ந்து வர்றாங்க, புடவைய எடுத்து வை."

சொல்லிவிட்டு இன்னும் இரண்டு கை இறாலை உரித்தாராம். மனோனுக்கு அந்த ஓட்டுச் சத்தம்தான் மறக்கவே இல்லை என்றாள்.

பள்ளிச் சான்றிதழைக் காட்டிவிட்டுப் பாஸ்போர்ட்டை மறைத்துவிடலாமா என்று அவள் சுப்பிரமணியனிடம் கெஞ்சினாள். அவர் முடியாது என்றார். அவர் முடியும் என்று சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது. சிவப்புப் பாஸ்போர்ட்டை அவள் நீட்டியபோது உடை மாற்றும் அறை வாசலில் கார்குழலி நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் காலையில் நெடுமாறன் நீச்சல் சங்கத்து ஆட்களைப் போய்ப் பார்த்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை, அவர் பொய் சொல்லவில்லையே. மனோன் பெயரை அடித்துவிட்டுக் கார்குழலி பெயரை எழுதினார்கள். கார்குழலி போய் மூன்றாவதாக வந்து வெண்கலம் வாங்கினாள். பேப்பரில் படம் வந்தது. அந்தப் படத்தில் அவள் போட்டிருந்தது மனோன் கொடுத்த உடை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரேம்குமார் வீட்டார் வந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மனோன் கூடத்துக்கு வந்து, நான் பிரெஞ்சுக் குடியுரிமையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன், இந்தியப் பெண்ணாக என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று மாப்பிள்ளையைக் கேட்டாள். மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தட்டைக் கீழே வைத்தாள். வந்தவர்கள் காப்பிக்குக்கூட நிற்காமல் எழுந்து போனார்கள்.

ஜோசெத் அன்றைக்கு மகளைச் செருப்பால் அடித்தார். அது ஒருநாளோடு போய்விட்டது. அதற்கு மேல் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்று இரவிலிருந்து மகளுக்குச் சோறு போடுவதை நிறுத்தினார். கோபத்தில் ஒரு வேளை, இரண்டு வேளை என்று நினைக்காதீர்கள். வருஷக்கணக்காக. "இது பிரான்ஸ்காரன் பணத்துல வாங்குன அரிசி. இந்தியாக்காரிக்கு இதுல பங்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, ஒருத்திக்கு மட்டும் உலை வைத்து, ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிடுவார். மனோன் ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வெளியூரிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்துவிட்டு, அங்கே கிடைத்ததைச் சாப்பிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள். வேகமாக நீந்துகிற உடம்புக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

பிரெஞ்சுக் குடியுரிமையை விடுவதற்கு எழுதிக் கொடுத்தாள். அது முடியவே பல மாதங்கள் ஆயின. பிறகு இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தாள். போலீஸ் விசாரணை, வசிப்பிட விசாரணை, திரும்பவும் முதலிலிருந்து விசாரணை. ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்கு வருவதற்கு அவள் ஓர் அடிகூட நகரவில்லை, அதே ரெட்டியார்பாளையத்து வீட்டில் அதே கட்டிலில்தான் படுத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அந்தப் பயணத்துக்கு அவளுடைய நல்ல வயது முழுவதும் செலவானது.

அடுத்த வருஷம் நடந்த மாநிலப் போட்டியில் சுப்பிரமணியன் சங்கத்து ஆட்களின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுப் பார்த்தார். போட்டி இல்லாமல் இருந்தால் பெண்ணின் உடம்பு மறந்துவிடும், சும்மாவாவது நீந்த விடுங்கள் என்றார். எட்டாவது லேனில் நீந்திக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார்கள். பெயர் அறிவிக்கப்படாது. நேரம் எடுக்கப்படாது. பரிசு எதுவும் கிடையாது. என்னை ஏழாவது லேனுக்குப் போட்டிருந்தார்கள். என் பையில் என் சொந்த ஸ்டாப்வாட்ச் ஒன்று கிடந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, அதை எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டேன்.

பீப் சத்தம் கேட்டதும் இரண்டு கையாலும் அழுத்தினேன். மனோன் தண்ணீருக்குள் போன விதத்தை நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், தண்ணீர் தெறிக்கவே இல்லை. மேலே வந்தபோதே முன்னால் இருந்தாள். பாதித் தூரத்தில் மற்றவர்களுக்கும் அவளுக்கும் இடையில் ஓர் ஆள் நீளம் இடைவெளி. மூச்சே வாங்கவில்லை. அவள் சுவரைத் தொட்டு, கண்ணாடியைக் கழற்றி, திரும்பிப் பார்க்கும்போதுதான் மற்ற பெண்கள் வந்து சேர்ந்தார்கள். நாலாவது லேனில் வந்த கார்குழலி முதல் இடம் என்று மைக்கில் அறிவித்தார்கள். கைதட்டினார்கள். முடிவுகளை வாசித்து முடித்தபோது, எட்டாவது லேன் காலி என்றும் சேர்த்து வாசித்தார்கள். அந்தக் காலி லேனிலிருந்து ஒரு பெண் படியேறி வெளியே வந்து, தன் துண்டைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது.

என் இடது கையில் இருந்த நேரம், அந்த வருஷம் தேசியப் போட்டியில் தங்கம் வாங்கிய பெண்ணின் நேரத்தைவிடக் குறைவு. சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் அவளைப் பிடித்துக் காட்டினேன்.

"அழிச்சிடுங்க சார். பாஸ்போர்ட் வரட்டும், இத மறுபடி அடிப்பேன்" என்றாள்.

அவள் அதை மறுபடி அடிக்கவில்லை. வாழ்க்கையில் அவள் நீந்தியதிலேயே அதுதான் அதிக வேகம். அது எந்தக் கணக்கிலும் இல்லை.

பிறகு கொரோனா வந்தது. குளங்களைப் பூட்டினார்கள். மனோன் வைத்திக்குப்பம் கடற்கரையில், படகுகளுக்கு இடையில் இறங்கிக் கடலில் நீந்தினாள். மீன் விற்கிற பெண்கள் அவளைப் பார்த்து, யாரும்மா இது, வீட்டில் ஏதும் தகராறா என்று கேட்டார்களாம். கடலில் உடம்பு கெடாமல் இருக்கும், ஆனால் வேகம் தங்காது. டைவ் அடிக்க ஏறி நிற்கும் பிளாக் இல்லை, தொடுவதற்குச் சுவர் இல்லை, அலை வருகிற பக்கம் தலையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அந்தப் பழக்கம் அவளிடம் ஒட்டிக்கொண்டது. வலது தோளில் வலியும் வந்து சேர்ந்தது.

இந்த நேரத்தில்தான் அலெக்சி விடுமுறைக்கு ஊருக்கு வந்தான். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ள மாப்பிள்ளைக்கு எங்கள் ஊரில் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். பணக்கார வீடு, படித்த பெண், சொந்த ஜாதி, சொந்தக் கோயில் என்று எத்தனையோ இடம் வந்தது. அத்தனையும் விட்டுவிட்டு ஜோசெத் உழவர்கரைக்குப் போய்க் கார்குழலியைக் கேட்டார். பெண் அடக்கமானவள், வேலை செய்கிறவள், என்னை வைத்துக் காப்பாற்றுவாள் என்று ஊரில் சொல்லிக்கொண்டார். நான் நம்பவில்லை. மகள் நெஞ்சில் எங்கே குத்தினால் அதிகம் வலிக்கும் என்று பார்த்துப் பார்த்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தை யாரும் இதுவரை மாற்றவில்லை.

கார்குழலிக்கு விளையாட்டுக் கோட்டா வேலை வருகிறது வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வரவில்லை. அவள் சம்மதித்தாள். சம்மதித்ததை மனோனிடம் நேரில் சொல்லக் குளத்துக்கே வந்தாள். அப்போதுதான் குளத்தைத் திறந்திருந்தார்கள். நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன். என்னைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"நீ வேணாம்னு தூக்கிப் போட்டத நான் எடுத்துக்கறேன் மனோன். உன் பழைய சூட்டப் போட்டு நீந்துனேன் இல்ல, அந்த மாதிரிதான்."

மனோன், நீச்சலை விட்டுவிடுவாயா என்று மட்டும் கேட்டாள்.

"எனக்கு எப்பவுமே நீச்சல் புடிக்காது. எங்கப்பாவுக்குதான் புடிக்கும்."

நான் இதுவரை எத்தனையோ பேர் தோற்றுப்போவதைப் பார்த்திருக்கிறேன். சுவரைத் தொட்டு, தலையைத் தூக்கி, தோற்றுவிட்டோம் என்று தெரிகிற அந்த நொடியில் எல்லோர் முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும். அன்றைக்குக் காய்ந்த துணியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனோனின் முகம் அப்படி இருந்தது.

கார்குழலிக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கோயிலில் தாலி கட்டினார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டார் பெயர்களில் மாமன், சித்தப்பா, பாரீசில் இருக்கிற ஒன்றுவிட்ட அக்காக்கள் வரை எல்லோரும் இருந்தார்கள். கூடப்பிறந்த தங்கையின் பெயர் இல்லை. அழைப்பே இல்லாத கல்யாணத்துக்கு மனோன் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஏன் போனாய் என்று திட்டினேன். அண்ணன் கல்யாணம் சார் என்றாள்.

அவளுக்கு இருபத்து மூன்று வயதானபோது இந்தியப் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. மாநிலப் போட்டியில் முதலில் வந்தாள், இங்கே அவளுக்கு எதிரில் நிற்க யாரும் இல்லை. தேசியப் போட்டிக்குத் தேர்வானாள். சுப்பிரமணியனுக்கு அப்போது இடுப்பு முடியாமல் போயிருந்தது, அதனால் துணைக்கு நான் போனேன்.

நாட்டின் இந்த மூலையில் அவள் காத்துக்கொண்டிருந்த காலத்தில், மற்ற ஊர்களில் பெண்கள் வளர்ந்து வேகமாகிவிட்டிருந்தார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். காலையில் முதல் சுற்று. மனோன் நன்றாகத்தான் குதித்தாள். முக்கால் தூரத்தில் தலையைத் தூக்கி ஒரு மூச்சு வாங்கினாள். கடல் பழக்கம். எல்லாச் சுற்றுகளும் முடிந்து பெயர்ப் பட்டியல் போட்டபோது அவள் ஒன்பதாவது.

இறுதிப் போட்டிக்கு எட்டுப் பேர். ஒன்பதாவது வருகிறவளுக்கு ஒரு வேலை உண்டு. யாராவது ஒருத்தி கடைசி நேரத்தில் விலகினால் அந்த இடத்தில் இறங்குவதற்கு, உடை, தொப்பி, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு, உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டு, குளத்தின் ஓரத்தில் தயாராக நிற்க வேண்டும். மனோன் நின்றாள். எட்டுப் பேரும் அறையிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அவள் எண்ணுவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. எட்டுப் பேரும் வந்தார்கள். எட்டுப் பேரும் நல்ல உடம்போடு இருந்தார்கள். பீப் அடித்தது, குதித்தார்கள், முடிந்தது. ஜெயித்த பெண்ணின் நேரம் ஒன்றும் பிரமாதம் இல்லை. எனக்கும் மனோனுக்கும் மட்டும் தெரிந்த ஒரு நேரத்தைவிட அது அதிகம்.

அதோடு அவள் போட்டிகளை விட்டுவிட்டாள். இந்தியத் தொப்பி அவள் தலைக்கு வரவே இல்லை.

ஜோசெத் இப்போது பிரான்சில் மகனோடு இருக்கிறார். ரெட்டியார்பாளையத்து வீட்டைப் பூட்டிச் சாவியை ஒரு சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார், மகளிடம் கொடுக்கவில்லை. மனோன் உழவர்கரையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிறாள், அங்கேயே பின்பக்கம் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அவளை மிஸ் என்கிறார்கள். அவளிடம் வருகிற பிள்ளைகளுக்கு அவள் போட்டிப் பயிற்சி கொடுப்பதில்லை. மூழ்காமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதோடு சரி.

போன மாதம் ஒரு சாயங்காலம் நான் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். குளத்தில் கடைசி வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். அப்போது அவள் செல்லில் வீடியோ அழைப்பு வந்தது. ஜோசெத். மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுவாராம், ஏதாவது மருந்து வாங்கி யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்ல. அன்றைக்கு மருந்து இல்லை. அந்த அம்மாளின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத சிரிப்பு. செல்லைத் திருப்பிக் காட்டினார். ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஒரு சின்னக் குளம், அதில் கார்குழலி இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறாள். அவள் கையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. பெயர் ஏஸ்தெல். குழந்தை தண்ணீரைக் கையால் அடித்து அடித்துச் சிரிக்கிறது.

"பாத்தியாடீ உன் மருமவள? இப்பவே எப்டி கைய வீசறா பாரு. இங்க சின்னதுலேர்ந்தே தயார் பண்றாங்க. நல்ல கோச்சாப் பாத்து சேத்துடப் போறோம். பெருசானா பிரான்சுக்கே நீந்துவா. நம்ம குடும்பத்து ரத்தத்துலயே நீச்சல் இருக்குதில்ல?"

அந்த அம்மாள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மனதாரச் சொன்னார். மகளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார். தான் என்ன செய்தோம் என்பது அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"நல்லா இருக்கா மமான்" என்றாள் மனோன். குழந்தையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அழைப்பு முடிந்தது.

செல்லைத் துண்டின்மேல் வைத்துவிட்டு அவள் குளத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"சார், அந்தக் குழந்த வளர்ந்து தோக்கணும்னு இருக்குது எனக்கு. ஒவ்வொரு போட்டியிலயும் தோக்கணும். ரெண்டு வயசுக் குழந்த சார். நான் இப்பிடி ஆயிட்டேன்."

அப்படியெல்லாம் நினைக்கக் கூடாதும்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அவள் சொல்லி முடிப்பதற்குள் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.